வெல்லம் போகாத வழி

கண்ணு,

நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் பார்த்தேன். நான் ஒரு விஷயத்தைத் தொடங்கி அதன் பாதிக்கு வருவதற்குள் இருமல் வந்துவிடுகிறது. நீ வெந்நீர் எடுக்க ஓடுகிறாய். திரும்பி வந்து முதுகைத் தடவிக்கொண்டே "அப்பறம் பேசிக்கலாம்மா" என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. எழுதினால் மூச்சு வாங்காது. கம்பெனிகளுக்கு எழுதி எழுதிப் பழகிய கை இது. பயப்படாதே, கடைசியில் கொட்டேஷன் எதுவும் வைக்க மாட்டேன்.

உன் பழைய முதலாளி கோயம்புத்தூரில் திறக்கப் போகும், மிஷினுக்கு அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமுக்கு உன்னைக் கூப்பிடுகிறார். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நீ வர முடியாது என்று சொல்லிவிடப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். உனக்குக் காரணம் இரண்டு. ஒன்று நம் வேஸ்ட் துணி ஷெட், இன்னொன்று நீ தினமும் தட்டிவிடுகிற என் முதுகு. அந்த இரண்டையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நல்ல செய்தி எதிர்பார்த்துப் படிக்காதே. சரக்கில் குறை இருந்தால் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் நான் எப்போதும் விலை பேசியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் மாற்றிப் பேச வராது. நான் தேறப்போவதில்லை. நீ இருந்தாலும் தேறப்போவதில்லை. இதை வைத்துக்கொண்டு மேலே படி.

உன் அப்பா லேத் பட்டறையில் இருந்தவர். வேலை முடிந்து வரும்போது கை துடைத்த பனியன் துணி ஒன்று சட்டைப் பையில் இருக்கும். அவர் போன பிறகு என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது அந்தத் துணிதான் எனக்கு வழி காட்டியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் ஓடுகிற வரைக்கும் எண்ணெய் சிந்தும், எண்ணெய் சிந்துகிற வரைக்கும் துடைக்கத் துணி வேண்டும். இந்தக் கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிகள் வெட்டித் தள்ளும் கட்டிங் வேஸ்ட்டும் கழித்த உடுப்பும் பேல் பேலாக, பெரிய பெரிய கட்டாக வரவழைத்து, பிரித்து, பட்டன் எலாஸ்டிக் எல்லாம் கத்தரித்து, வெள்ளை தனி கலர் தனியாக மூட்டை கட்டிப் பட்டறை பட்டறையாகப் போட்டேன். முதலில் தலையில் சுமந்தேன், பிறகு மூன்று சக்கர மீன்பாடி வண்டி, பிறகு நம் டெம்போ. "யக்கோவ், வேஸ்ட்டு வந்துச்சா?" என்று கேட்பவர்கள் நாளாக நாளாக என்னையே "வேஸ்ட்டு அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னை "வேஸ்ட்டு பையன்" என்று கேலி பண்ணியதற்காக நீ ஒருவனை அடித்துவிட்டு வந்தாய். நான் உன்னை அடிக்கவில்லை. அந்தப் பெயரில்தான் நமக்குச் சோறு வருகிறது என்று சொன்னேன். அது அப்போதும் சரி, இப்போதும் சரி. அந்தச் சோற்றோடு வேறு ஒன்றும் வந்துகொண்டிருந்தது என்பதுதான் அப்போது தெரியாது.

திருவேற்காட்டு ஷெட்டில் பேலைக் கட்டறுத்ததும் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஓட்டை வழியாக விழுகிற இடத்தில் பார்த்தால் காற்று முழுக்கப் பஞ்சு. சாயங்காலம் எல்லோருடைய புருவமும் தலையும் நரைத்திருக்கும். நம் மேரியம்மா, முதல் நாளிலிருந்து என்னோடு உட்கார்ந்து துணி பிரித்தவள், முந்தானையை உதறிக்கொண்டே சொல்வாள்: "பாருக்கா, காலைல கொமரியா வந்தோம், சாய்ங்காலம் கெயவியா ஊட்டுக்குப் போறோம்." எல்லோரும் சிரிப்போம். சிரிக்கும்போது இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும்.

அதற்கு எங்களிடம் வைத்தியம் இருந்தது. வெல்லம். மாவு மில், சிமெண்ட் கிடங்கு, பஞ்சு வேலை, தூசி எங்கே உண்டோ அங்கே சாயங்காலம் ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் உண்டு. வெல்லம் தின்றால் நெஞ்சில் ஒட்டின தூசியை எல்லாம் வழித்துக்கொண்டு வயிற்றுக்கு இறங்கிவிடும், மறுநாள் காலையில் வெளியே போய்விடும். யார் சொன்னது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நம் ஷெட்டில் எது தவறினாலும் வெல்லம் தவறாது. தீபாவளி போனஸ் ஒரு வாரம் தள்ளிப்போன வருஷம் கூட உண்டு. நல்ல பாகு வெல்லமாகப் பார்த்துப் பூந்தமல்லி மளிகைக்கடையிலிருந்து நானே வாங்கி வருவேன். ஆளைப் பார்த்துக்கொள்கிற முதலாளி என்று எனக்கு ஒரு பெயர் வந்ததே அந்த வெல்லத்தால்தான்.

எனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். அந்த லீவு இன்னும் முடியவில்லை, ஷெட்டும் உன் தலையில் விழுந்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு அந்த நெஞ்சு டாக்டர் அம்மா நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினாரே, அன்றைக்கு நீ கவனித்தது மருந்துச் சீட்டை, நான் கவனித்தது வேறு. "வெல்லம் தவறாம சாப்ட்டேன் டாக்டர், அப்படி இருந்தும் எப்படி?" என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பி, தொண்டையிலிருந்து இரண்டு குழாய் வரைந்தார். "வெல்லம் இந்த வழியா வயித்துக்குப் போகுது. தூசி போனது இந்த வழியா. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, அவ்ளோதான். வெல்லம் ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லம்மா."  இத்தனை வருஷம் தப்பான முகவரிக்கு லோடு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப அந்த வழியில தூசி போனா யாரு எடுக்கறது?" என்றேன்.

"சளிதான்" என்றார்.

"அதத்தான டாக்டர் எடுக்கச் சொல்லி வந்துகீறேன்."

அப்போதுதான் அவர் சிரித்தார். "எல்லாரும் அத எடுக்கச் சொல்லித்தான் வர்றாங்க. உங்கள இவ்ளோ நாள் காப்பாத்துனதே அதான்மா."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். நீ டூல் ரூம் ஆள், உனக்கு என்னைவிட நன்றாகவே விளங்கும். மூக்கிலிருந்து நுரையீரல் குழாய்கள் வரைக்கும் உள்சுவர் முழுவதும் ஈரமாக ஒரு பூச்சு இருக்கிறது. நோய் வந்தால்தான் சளி என்று நாம் நினைக்கிறோம். இல்லை, நல்ல உடம்பிலும் அது எப்போதும் ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. மேலே பிசுபிசுப்பு, அடியில் தண்ணீர் மாதிரி ஒரு மெல்லிய படலம். அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் நாற்று நட்ட மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. அவை எல்லாம் ஒரே பக்கமாக, மேல் நோக்கி, ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். மூச்சில் வருகிற தூசியும் கிருமியும் அந்தப் பிசினில் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் அந்தப் பிசினையே பெல்ட் மாதிரி மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவரும். நமக்குத் தெரியாமலே எச்சிலோடு விழுங்கிவிடுவோம். வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆக, தூசி வயிற்றுக்குத்தான் போகிறது என்று எங்கள் ஆட்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. கொண்டுபோகிறவன் யார் என்பதில்தான் ஏமாந்துவிட்டோம்.

வெறும் பிசின் மட்டும் இல்லையாம் அது. கிருமியைக் கொல்கிற சரக்கும் அதில் கரைந்திருக்கிறது. சில கிருமிகள் நம் உடம்பின் உள்சுவரில் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையுமோ, அதே மாதிரியான பிடிகளை அந்தச் சளியும் தன்மேல் தொங்கவிட்டிருக்கிறதாம். கிருமி, வீடு வந்துவிட்டது என்று நினைத்து அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த மறுநிமிஷம் பெல்ட்டில் ஏறியாயிற்று. கண்ணிலும் குடலிலும் இதே மாதிரி பூச்சு உண்டு. வயிறு தன் அமிலத்தாலேயே வெந்துபோகாமல் இருப்பதும் இதனால்தான். கேட்கக் கேட்க எனக்கு வியாபாரப் புத்திதான் ஓடியது. சம்பளம் கேட்காமல், லீவு போடாமல், நன்றி எதிர்பார்க்காமல் உள்ளே ஒருத்தி வேலை செய்துகொண்டிருக்கிறாள். நாம் அவளைச் சீ என்று துப்பிவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடுகிறோம்.

அவளை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதையும் கேட்டுக்கொள், ஏனென்றால் அதையே நீயும் செய்கிறாய். கம்பெனிகளில் பர்ச்சேஸ் ஆபீசர் முன்னால் இருமினால் ஆர்டர் போய்விடும் என்று எனக்குப் பயம். அந்தக் கொரோனா வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பயம் இரட்டிப்பாயிற்று. இருமுகிறவளை யாரும் கேட்டுக்குள் விடமாட்டார்கள். மெடிக்கலில் ஜலதோஷ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போவேன். மூக்கு, தொண்டை எல்லாம் காய்ந்துவிடும். காய்ந்தால் குணமாகிவிட்டது என்று எனக்கு நினைப்பு. தண்ணீரும் குடிக்க மாட்டேன், வழியில் ஒதுங்க இடம் கிடையாதே. உள்ளே அது கெட்டியாகி, இழுக்க முடியாமல் அந்த மயிர்கள் திணறியிருக்கின்றன. மேலே தூசி, அடியில் வறட்சி. புகை பிடிக்கிறவன் நெஞ்சில் நடப்பதுதான் என் நெஞ்சிலும் நடந்திருக்கிறது, ஒரு பீடி கூடப் பிடிக்காமல்.

நம் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் கூவம் போகிறது. போகிறது என்பது மரியாதைக்கு. மழைக்காலத்தில் ஓடும்போது அதுவும் ஆறுதான், மீன் பிடிக்கிறவனைக் கூடப் பார்த்திருக்கிறேன். நின்றுவிட்டால் நாற்றம், கொசு, நோய். சளியும் அப்படித்தான். நகர்கிற வரைக்கும் காவல். நின்ற இடத்தில் கிருமி குடும்பம் நடத்த ஆரம்பிக்கும். அதை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டையில் குழாய்ச் சுவரே கெட்டு, பழைய ரப்பர் டியூப் மாதிரி அகன்று தொளதொளத்துவிடும். அகன்ற இடத்தில் மயிர்கள் இல்லை, அதனால் இன்னும் சளி தேங்கும், தேங்கினால் இன்னும் கிருமி. எனக்கு வந்திருப்பது இதுதான். என் உள்ளே குடியிருக்கிற கிருமி இன்னொரு வேலையும் செய்கிறதாம். தனக்கென்று ஒரு கொழகொழப்பைச் சுரந்து அதையே கூரையாகப் போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறது. மருந்து கூரைமேல் விழுந்து வழிந்து போகிறது. எந்தப் பிசினால் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்டதோ அதே வித்தையை எதிரியும் கற்றுக்கொண்டான். "முழுசா போகுமா டாக்டர்?" என்று நீ கேட்டாய். "கட்டுப்படுத்தலாம்" என்றார். நீ அதை நல்ல பதிலாக எடுத்துக்கொண்டாய். நான் வியாபாரி. "பாக்கலாம்", "கட்டுப்படுத்தலாம்" என்கிற பதில்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நீ என் முதுகைத் தட்டுகிறாய். மயிர்கள் செய்ய வேண்டிய வேலையை உன் கை செய்கிறது. இடுப்புக்கு அடியில் தலையணை, முகம் கீழே, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு நீ விலா ஓரமாகத் தட்டத் தட்ட, கீழே தேங்கினது கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்கு வரும். எதிர் வீட்டு அம்மாள் மாடியிலிருந்து கேட்டாளே, "இன்னாக்கா, காலங்காத்தால யாரு துணி தொவைக்கறது?" என்று. "என் புள்ள என்னைத் தொவைக்கிறான்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். உலகத்தில் எத்தனை பிள்ளைகள் இதைச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் கூட, "உங்க பையன் கை நல்ல கை" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில்தான் நான் கவனிக்க வேண்டியதைக் கவனிக்கத் தவறினேன்.

வெல்லத்தை நிறுத்திய கதை உனக்கும் தெரியும். ஆனால் அன்று நீ செய்ததற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் ஷெட்டுக்குப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டு, வெல்லத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இனி அந்தச் செலவில் நல்ல முகக்கவசம், வாசல் பக்கம் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் என்று சொன்னேன்.  அன்று சாயங்காலமே காதில் விழுந்தது. "மாடி கட்ன கையோட வெல்லத்த நிறுத்திட்டாங்கோ." "பணம் வந்தா புத்தியும் வந்துரும்." மேரியம்மா மட்டும் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "மூடிய மாட்டிக்கினா மூச்சு முட்டுது, பேச முடியல. நாளெல்லாம் பேசாம இதுல குந்திகினு இருக்க நாங்க இன்னா சாமியாரா? நீ வெல்லத்தக் குடு. போறதும் போவாததும் ஏசப்பா பாத்துக்குவாரு."

நான் கோபப்பட்டேன். நீ என்ன செய்தாய்? மறுநாள் நீயே கடைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தாய். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அவர்கள் பார்க்க ஒரு கட்டியை உன் வாயிலும் போட்டுக்கொண்டாய். முகக்கவசத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தாய். டாக்டர் படம் போட்டுக் காட்டியபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ. "ஏன்டா?" என்று கேட்டதற்கு, "நான் மட்டும் மூடிக்கினு அவங்க முன்னால நின்னா இன்னாம்மா நெனப்பாங்க? அவங்க உசுரு வேற, என் உசுரு வேறயா?" என்றாய். அந்த வார்த்தையை நான் எந்தச் சபையிலும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தூசிக்கு அந்த வார்த்தை புரியாது, கண்ணு. நல்லவன் நெஞ்சு, கெட்டவன் நெஞ்சு என்று அது பார்ப்பதில்லை. அவர்களும் மூடவில்லை, நீயும் மூடவில்லை. உன் ஒருவனுடைய நியாயத்தால் அங்கே யாருக்கும் ஒரு துளி நல்ல காற்று கூடுதலாகக் கிடைக்கவில்லை.

போன திங்கட்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீ தட்டிக்கொண்டிருந்தாய். நான் குப்புறக் கிடந்தேன், உன் முகம் எனக்குத் தெரியாது. நடுவில் உன் கை நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு நீ நிற்பது எனக்குத் தெரிந்தது. அடக்க முடியாமல் சின்னதாக ஒரு இருமல் வந்தது, உள்ளே எங்கோ சாக்கைக் கிழிப்பது மாதிரி. பிறகு தொண்டையைச் செருமிவிட்டு மறுபடியும் தட்ட ஆரம்பித்தாய், முன்னைவிட வேகமாக.  அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை போகும்போது நெஞ்சு இறுக்கும், மாடிப்படி ஏறும்போது யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. நான் அதற்கு வெயில் என்று பெயர் வைத்தேன், வயசு என்று வைத்தேன், கண்திருஷ்டி என்று கூட வைத்தேன். மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன்.

உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இதுல ஒண்ணும் தெரியல. ஆனா அந்தத் தூசிய விட்டுரணும், தம்பி. கெட்டுப்போன அப்பறம் நாங்க செய்யறதுக்கு அதிகமா ஒண்ணும் இல்ல" என்றார். ஷேர் ஆட்டோவில் வரும்போது நீ போனில் யாரிடமோ சொல்கிறாய், "எக்ஸ்ரே க்ளீன் மாமே." டாக்டர் சொன்னதில் முதல் வாக்கியத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு மிச்சத்தை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாய். என் எக்ஸ்ரேயும் பல வருஷம் க்ளீனாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கோயம்புத்தூர் பேச்சை எடுத்தேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"அங்க மட்டும் இன்னாம்மா, மல்லிப்பூ வாசனையா வரப்போது? கிரைண்டிங் வேல. இங்க பஞ்சு, அங்க இரும்பு."

"இரும்புக்கு அங்க உறிஞ்சற மிஷின் வெச்சுகீறாங்கன்னு நீதான சொன்ன?"

"வெச்சிருப்பாங்க, ஓட்ட மாட்டாங்க. ஆடிட்டு வந்தா ஓட்டுவாங்க." பிறகு நீயே சிரித்தாய். "வுடும்மா. காட்டுப்பாக்கம் ரோட்டுல ஒரு தபா வண்டியில போய்ட்டு வா. மெட்ரோ வேல தூசி நம்ம ஷெட்ட விட அதிகம். மூச்சு விடாம இருந்தாதான் தப்பிக்கலாம்."

நீ சொன்னதில் பொய் இல்லை.  இந்த ஊரில் தூசி இல்லாத இடத்தைக் காட்டு என்றால் நான் எங்கே போய்க் காட்டுவேன்? ஆவடியிலிருந்து போரூர் வரைக்கும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நீ கோயம்புத்தூர் போனால் ஆரோக்கியமாக நூறு வயசு இருப்பாய் என்று நான் எழுதினால் அது பித்தலாட்டம். உன் நெஞ்சுக்குள் இருக்கும் அந்தப் பூச்சு எவ்வளவு கெட்டிருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று எந்த மிஷினாலும் முழுசாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரியும். அதற்குத் தாங்குகிற சக்தி உண்டு. கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அந்த மயிர்கள் திரும்ப அசையும், திரும்ப முளைக்கக்கூடச் செய்யும் என்றார் டாக்டர். என் அளவுக்குப் போன பிறகு முளைக்காது. உனக்கு இன்னும் காலம் இருக்கிறதா என்பதே சந்தேகம்தான். சந்தேகமாக இருக்கும்போதே போகச் சொல்கிறேன்.

ஆகவே நீ கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டேன். ஷெட் சொந்தக்காரரிடம் காலி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருக்கிற பேல்களை ஆவடிக்காரரே எடுத்துக்கொள்கிறார். இத்தனை வருஷம் போட்டிக்குப் போட்டியாக என் கம்பெனிகளைப் பிடித்துக்கொண்டிருந்த அதே ஆள்தான். "யக்கா, நீங்களா கடைய மூடறீங்க?" என்று நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். கோபப்படுவாய் என்று தெரியும். என்னைக் கேட்காமல் எப்படி என்பாய். ஆரம்பிக்கும்போதும் உன்னைக் கேட்கவில்லை, கண்ணு. நீ அப்போது தொட்டிலில் இருந்தாய்.

அந்தப் பெண்களுக்கு என்ன வழி என்று நீ முதலில் கேட்பாய். நல்ல பதில் என்னிடம் இல்லை. ஒருத்திக்குத் திருமுல்லைவாயில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பிடித்துக் கொடுத்தேன். மற்றவர்கள் ஆவடிக்காரர் ஷெட்டுக்குத்தான் போவார்கள். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் கூட இல்லை. மேரியம்மாவை டாக்டரிடம் போகலாம் வா என்று கூப்பிட்டேன். "உன்னியப் பாத்தாலே தெரிதே டாக்டரு இன்னா கிழிச்சாருன்னு" என்றாள். ஒரு ஷெட் மாறினால் அவர்கள் மூச்சு மாறப்போவதில்லை. அவர்களைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன்.

என் முதுகு விஷயம். உனக்குப் பதில் யாரையாவது ஏற்பாடு பண்ணிவிட்டேன் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். நீ போன் போட்டுச் சரிபார்ப்பாய், மாட்டிக்கொள்வேன். யாரும் இல்லை. ஊதினால் நெஞ்சுக்குள் அதிர்கிற ஒரு சின்னக் கருவியை டாக்டர் கொடுத்திருக்கிறார், அதை ஊதுவேன். உப்புத்தண்ணீர் ஆவி பிடிப்பேன். தலையணையை அடுக்கிக்கொண்டு நானே படுத்துக்கொள்வேன். உன் கை செய்வதில் பாதி கூட அது செய்யாது. காய்ச்சல் இப்போது வருவதைவிட அடிக்கடி வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் போகும். நீ இருந்து தட்டினால் மெதுவாகக் குறையும், போனால் சீக்கிரம் குறையும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்காக உன்னை அந்த ஷெட்டில் உட்காரவைக்க நான் தயாராக இல்லை. நான் ஒரு நாளும் நஷ்டத்தில் சரக்கு எடுத்ததில்லை.

போகிற இடத்தில் சிலவற்றைப் பார்த்துக்கொள். கிரைண்டிங்கில் நிற்கும்போது முகத்தை மூடு. பக்கத்தில் நிற்கிறவன் மூடாவிட்டாலும் மூடு. கேலி பண்ணினால் பண்ணட்டும், "வேஸ்ட்டு பையன்" என்றதற்கே அடித்தவன்தானே நீ, இதற்கு அடிக்காமல் இருந்தால் போதும். உறிஞ்சுகிற மிஷினை ஓட்டச் சொல்லி உன் முதலாளியிடம் நீதான் கேட்க வேண்டும், ஆடிட் வரும் வரைக்கும் காத்திருக்காதே. தண்ணீர் குடி. மூக்கு ஒழுகுகிறது என்பதற்காக உலர்த்துகிற மாத்திரையை வாங்கி விழுங்காதே. அது ஒழுகுவது உன்னைக் கழுவத்தான். சளி வந்தால் அருவருப்பாகப் பார்க்காமல் நிறத்தைப் பார். பச்சையாகக் கெட்டியாக வந்தாலோ, ரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ மறைக்காமல் போய்க் காட்டு. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்கு மூக்கில் ஒழுகினால், யாராவது மூக்குக்குள் எண்ணெய் விட்டு ஊத வந்தால், கையைத் தட்டிவிடு. அந்த எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கிவிடுமாம். உனக்கு நான் ஊதினேன். நீ பிழைத்தது உன் நல்ல நேரம். என்னைப் பார்க்க அடிக்கடி ஓடிவராதே, உனக்கு ஜலதோஷம் இருக்கும்போது வரவே வராதே. உனக்கு இரண்டு நாளில் போகிற கிருமி எனக்குள் வந்தால் போகாது.

புதன்கிழமை லாரி வருகிறது. ஆவடிக்காரர் ஆட்களோடு வந்து பேல்களை ஏற்றுவார். மூலையில் அடியில் கிடப்பவற்றை நாம் தொட்டுப் பல காலமாகிறது. அவற்றைப் புரட்டும்போது எழும்புகிற தூசியைப் போல் எதுவும் கிடையாது. உனக்குக் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். எவனாவது, "அண்ணாத்தே, ஒரு கை புடி" என்பான், நீ பனியனோடு இறங்கிவிடுவாய். இறங்காதே. நான் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏற்றி அனுப்பிக்கொள்கிறேன், எனக்கு அது இனிப் புதிதாக எதுவும் செய்துவிடப் போவதில்லை. நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இரு. நான் இருமுவது அதுவரைக்கும் கேட்கும். கேட்டாலும் உள்ளே வராதே.